ஆங்கிலத்தில் மணி கேட்பதும் சொல்வதும்

முதலில் கேட்கப் பழகுவோம். "மணி என்ன?" என்பதற்கு "வாட் டைம் இஸ் இட்?", "வாட்ஸ் த டைம்?" இரண்டுமே சரி. முன்பின் தெரியாதவரிடம் என்றால், "எக்ஸ்க்யூஸ் மீ, குட் யூ டெல் மீ வாட் டைம் இட் இஸ்?" என்று கேளுங்கள். கடைசி இரண்டு சொற்களைக் கவனியுங்கள்: 'இஸ் இட்' இல்லை, 'இட் இஸ்'. 'குட் யூ' என்று கேள்வி முன்னாலேயே வந்துவிட்டதால் பின்னால் கேள்வி வரிசை வராது. சரளமாகப் பேசுபவர்களும் இடறும் இடம் இது. பத்து முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

"டூ யூ ஹேவ் த டைம்?" என்றாலும் மணி கேட்பதுதான். அந்தச் சின்ன 'த' விட்டுப்போனால் "உங்களுக்கு நேரம் இருக்கிறதா?" என்றாகிவிடும்.

பதிலை 'இட்ஸ்' என்று தொடங்குங்கள். ஐந்து மணிக்கு "இட்ஸ் ஃபைவ் ஓ'க்ளாக்". 'ஓ'க்ளாக்' முழு மணிக்கு மட்டும்தான். ஐந்தரைக்கு "ஃபைவ் தர்ட்டி" அல்லது "ஹாஃப் பாஸ்ட் ஃபைவ்".

நாலே கால் எளிது: "க்வார்ட்டர் பாஸ்ட் ஃபோர்". முக்கால்தான் காலை வாரிவிடும். சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள்: பெரிய முள் ஒன்பதில், சின்ன முள் ஐந்தை நெருங்கிவிட்டது. நாம் கடந்துபோன நாலைப் பிடித்துக்கொண்டு "நாலே முக்கால்" என்கிறோம். ஆங்கிலம் வரப்போகும் ஐந்தைப் பார்த்து "க்வார்ட்டர் டு ஃபைவ்" என்கிறது. "க்வார்ட்டர் டு ஃபோர்" என்று சொல்லிவிட்டால் அது மூன்றே முக்கால். நீங்கள் வரச்சொன்னவர் ஒரு மணி நேரம் முன்னதாக வந்து காத்திருப்பார்.

இதற்கு வழி நம் பேச்சிலேயே இருக்கிறது. "அஞ்சு மணிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கு" என்போமே, அதுதான் "டென் டு ஃபைவ்". பெரிய முள் ஆறைத் தாண்டியதும் முக்காலை மறந்துவிட்டு, "அடுத்த மணிக்கு இன்னும் எவ்வளவு இருக்கு?" என்று மனதுக்குள் தமிழிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அப்போதும் தடுமாறினால் "ஃபோர் ஃபார்ட்டி ஃபைவ்" போதும், அதுவும் முழுக்கச் சரி.

ஐந்து, பத்து, இருபது, இருபத்தைந்து நிமிடங்களுக்கு 'மினிட்ஸ்' சொல்ல வேண்டியதில்லை. ஏழு, பதின்மூன்று போன்றவற்றுக்குச் சொல்லுங்கள்: "செவன் மினிட்ஸ் பாஸ்ட் ஃபோர்".

மணிக்கு முன்னால் 'அட்', கிழமைக்கு முன்னால் 'ஆன்'. காலையில் என்றால் 'இன் த மார்னிங்', இரவில் என்றால் 'அட் நைட்'. 'ஏ.எம்.' சொன்ன பிறகு 'இன் த மார்னிங்' வேண்டாம். பகல் 12-ஐ 'நூன்', இரவு 12-ஐ 'மிட்நைட்' என்றால் குழப்பமே வராது.

இன்னொன்று. "வாட் இஸ் த பஸ் டைமிங்?" நம் ஊரில் எல்லோருக்கும் புரியும். வெளிநாட்டில் இப்படிக் கேளுங்கள்: "வாட் டைம் டஸ் த பஸ் லீவ்?"