மாயா வண்ணக் கலயங்கள்: பார்க்கிறவர்கள் செய்யும் தவறுகள்

மெக்சிகோ, குவாத்தமாலா பக்கத்தில் வாழ்ந்த பழைய மாயா மக்கள் தீட்டிய கலயம் ஒன்றைப் பார்த்ததும் கண் நேரே படத்துக்குத்தான் போகும். அரசன், முயல், மண்டையோடு எல்லாவற்றையும் ரசிப்போம். வாய் விளிம்பைச் சுற்றி ஓடும் எழுத்தை மட்டும் பூவேலை என்று விட்டுவிடுவோம். எனக்குத் தெரிந்து இதைவிடப் பெரிய தவறு இல்லை.

ஒரே எழுத்துகள் ஒரே வரிசையில் பல கலயங்களில் வருவதை 1970களின் தொடக்கத்தில் கவனித்தவர் மாயா ஆய்வாளர் மைக்கேல் கோ. இறந்தவருக்கான மந்திரம் என்று நினைத்தார். பிற்பாடு படித்துப் பார்த்தால், 'இது இன்னாருடைய குடிகலம், கக்காவ் குடிக்க' என்கிற மாதிரி வாசகம்! கக்காவ் என்றால் சாக்லேட் செய்கிற கொக்கோ. பாத்திரத்தில் பேர் வெட்டுவதுபோலத்தான். குவாத்தமாலாவில் ரியோ அசுல் கல்லறையில் 1984இல் கிடைத்த ஜாடிக்குத் திருகிப் பூட்டும் மூடி உண்டு. அதில் 'கக்காவ்' என்று மாயா எழுத்து ஆய்வாளர் டேவிட் ஸ்டூவர்ட் படித்தார். உள்ளே ஒட்டியிருந்த படிவைச் சோதித்தபோது கக்காவில் இருக்கும் வேதிப்பொருள்களான தியோபுரோமினும் காஃபினும் அகப்பட்டன. ஆனால் எல்லா வரியும் எழுத்தல்ல. எழுத்துபோலவே தோன்றும் வெறும் கோலங்களைத் தீட்டிய கலயங்களும் உண்டு.

கல்லறையில் கிடைப்பதால் எல்லாமே சாவுச் சடங்குக்குச் செய்தவை என்று எண்ணுவதும் சரியல்ல. விருந்தில் கைமாறியவை, அரசர்கள் பரிசாக அனுப்பியவை உண்டு. பெலீஸில் புவேனாவிஸ்தாவில் புதைத்த ஒரு கலயத்தில் இருப்பது நரான்ஹோ என்ற வேறொரு மாயா நகரத்து அரசரின் பெயர்.

அப்புறம், கலயத்தின் சுற்றுப்பக்கம் முழுவதையும் தட்டையாக விரித்து எடுத்த நீளப் புகைப்படத்தை மட்டும் பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கும் கலயத்தில் ஒரு பெண் பக்கத்தில் இருப்பவளின் காலைத் தட்டுகிறாள். அந்தப் பக்கம் ஒருவன் தலை வெட்டப்படுகிறது, அதைப் பார் என்று. கலயத்தைக் கையில் திருப்பும்போதுதான் அந்தத் தட்டல் நமக்கும் படும். தட்டையான படத்தில் எல்லாமே ஒரே நேரத்தில் தெரிந்துவிடுகிறது.

சக்கரத்தில் வனைந்தது, கண்ணாடி மெருகு போட்டது என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் தவறு. மண்ணைத் திரித்து அடுக்கிக் கையாலேயே எழுப்பி, நிறக் களிமண் குழம்பால் தீட்டிச் சுட்டார்கள். மெக்சிகோவின் ஆஸ்டெக் மக்கள் செய்தவை என்றும் சொல்லிவிடாதீர்கள். இவற்றில் பெரும்பாலானவை கி.பி. 250–900 காலத்தவை, ஆஸ்டெக் பேரரசு அதற்குப் பல நூற்றாண்டு பிந்தியது.

கடைசியாக, கோடெல்லாம் புதுசுபோலத் தெளிவாக இருந்தால் உடனே மயங்கிவிடாதீர்கள். கொள்ளையடித்து விற்ற பல கலயங்களில் உடைந்த இடங்களை நிரப்பி, மேலே இன்றைய ஆள் தீட்டியிருக்கிறார். அந்த முகம், அந்த எழுத்து மாயா ஓவியருடையதாக இல்லாமலே இருக்கலாம். எந்த இடத்தில், யார் தோண்டி எடுத்தது என்ற பதிவு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.