எமிக்ரேட்டா, இமிக்ரேட்டா? ஐந்தே படியில் தெளிவு

சித்தி மகன் கத்தாருக்கு வேலைக்குக் கிளம்பும் முன் பாஸ்போர்ட்டை நீட்டினான். "அண்ணே, இதுல ஈ.சி.ஆர்.னு போட்டிருக்கே, அப்படின்னா?" மாமல்லபுரம் போகிற ரோடு இல்லடா என்று உட்காரவைத்துச் சொன்னதுதான் இந்தப் பாடம்.

படி 1: சொல்லை உடையுங்கள். இரண்டிலும் உள்ளது மைக்ரேட், அதாவது இடம்பெயர்தல். முன்னால் ஒட்டியிருப்பதுதான் வேறு. ஆங்கிலத்தில் ஈ (E) எழுத்தில் தொடங்கினால் வெளியே போவது. எக்ஸிட், எக்ஸ்போர்ட் மாதிரி. ஐ (I) எழுத்தில் தொடங்கினால் உள்ளே வருவது, இம்போர்ட் மாதிரி. எழுதும்போது எமிக்ரேட்டுக்கு ஒரு எம், இமிக்ரேட்டுக்கு இரண்டு.

படி 2: தமிழில் சொல்லிப் பாருங்கள். இலங்கையில் பாஸ்போர்ட் தரும் அலுவலகத்தின் பெயர் குடிவரவு குடியகல்வுத் திணைக்களம். வருவது இமிக்ரேஷன், அகல்வது எமிக்ரேஷன். இவ்வளவு கச்சிதமான சொற்கள் இருந்தும் நாம் இரண்டையும் 'குடியேற்றம்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

படி 3: துணைக்கு வரும் சொல்லைக் கவனியுங்கள். எமிக்ரேட்டுக்கு ஃப்ரம், இமிக்ரேட்டுக்கு டு. கமலா ஹாரிஸின் அம்மா சியாமளா கோபாலன் 1958-ல் அமெரிக்கா போனார். இங்கிருந்து பார்த்தால், 'ஷீ எமிக்ரேட்டட் ஃப்ரம் இந்தியா'. அங்கிருந்து பார்த்தால், 'ஷீ இமிக்ரேட்டட் டு அமெரிக்கா'. போனது ஒரே ஆள்தான். பார்க்கிறவர் நிற்கும் இடம்தான் மாறுகிறது.

படி 4: விமான நிலையப் பலகையை நம்பாதீர்கள். ஊரைவிட்டுக் கிளம்புகிறவரையும் நம்மூரில் இமிக்ரேஷன் கவுண்டரில்தான் நிறுத்துவார்கள். அந்தத் துறையின் பெயரே பீரோ ஆஃப் இமிக்ரேஷன். பாதிக் குழப்பம் அங்கேதான் ஆரம்பம்.

படி 5: சுற்றுலாவுக்கு இரண்டுமே ஆகாது. பத்து நாள் சிங்கப்பூர் போய்வந்தால் அது வெறும் டிராவல். குடிபெயர்ந்தால்தான் இந்தச் சொற்கள். ஆனால் 1983-ம் வருடத்து எமிக்ரேஷன் சட்டத்துக்கு, வேலைக்காக நாட்டைவிட்டுக் கிளம்பினாலே எமிக்ரேஷன்தான்.

தம்பியின் கேள்விக்கும் அதுதான் பதில். ஈ.சி.ஆர். என்றால் எமிக்ரேஷன் செக் ரிக்வயர்ட். அவன் ஒன்பதாவதோடு நின்றவன். பத்தாவது தேறாதவர்கள் பாஸ்போர்ட்டில் பொதுவாக அது இருக்கும். அவர்கள் கத்தார், சவூதி உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, புரொடெக்டர் ஆஃப் எமிக்ரன்ட்ஸ் என்ற மத்திய அரசு அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அதை வாங்காமல் கிளம்பியிருந்தால் சென்னையிலேயே தடுத்திருப்பார்கள்: எமிக்ரேஷன் அனுமதி இல்லையென்று, இமிக்ரேஷன் கவுண்டரில்.