ஆறுமணிக்குருவி வீட்டுக்குள் வந்து விழுந்தால்

ஐப்பசி மாதக் காலைகளில் மதுரைப் பக்கம் ஜன்னலுக்குக் கீழே ஒரு வண்ணக் குருவி சுருண்டு கிடக்கலாம். பச்சை முதுகு, சந்தன நிற வயிறு, வாலடியில் குங்குமச் சிவப்பு, கண் வழியே கறுப்புப் பட்டை. ஆறுமணிக்குருவி, தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். கட்டை வாலைப் பார்த்து மீன்கொத்திக் குஞ்சு என்று நினைத்துச் சோறு ஊட்டப் போகிறவர்கள் உண்டு. குஞ்சு இல்லை. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் கூடு கட்டிவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே வரும் பறவை. பயணம் ராத்திரியில். களைப்பிலும் விளக்கு வெளிச்சத்திலும் தடுமாறிக் கண்ணாடியில் மோதிவிடுகிறது.

முதலில் ஃபேனை நிறுத்துங்கள். செருப்பு டப்பா ஒன்றில் பென்சிலால் பத்துப் பன்னிரண்டு ஓட்டை போட்டு, பழைய வேட்டித் துணியை விரியுங்கள். டர்க்கி டவல் வேண்டாம், நூலில் நகம் மாட்டும். குருவி மேல் துணியைப் போர்த்தி, இறக்கை மடங்கியபடியே எடுங்கள். நெஞ்சை அழுத்தவே கூடாது. நெஞ்சு விரிந்தால்தான் அதற்கு மூச்சு.

வாயில் தண்ணீர் விடாதீர்கள். மயக்கத்தில் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அடிபட்ட குருவிகள் பலவும் இந்த அன்பில்தான் சாகின்றன! அரிசி, சோறு எதுவும் அதற்கு ஆகாது. அது பூச்சியும் மண்புழுவும் தின்பது. இருட்டும் அமைதியும்தான் மருந்து. ஒன்றிரண்டு மணி நேரம் மூடியைத் திறக்காதீர்கள். போட்டோ எடுக்கக்கூட.

உள்ளே தத்துகிற சத்தம் கேட்டால் தேறிவிட்டது என்று அர்த்தம். டப்பாவை வீட்டுக்குள் திறக்காமல், பக்கத்தில் சருகு கிடக்கும் மாந்தோப்புக்கோ புதருக்கோ கொண்டுபோய்த் தரையில் வைத்துத் திறங்கள். மொட்டை மாடியில் விட்டால் காக்காய் விடாது. ராத்திரி கிடைத்தால் விடியும்வரை டப்பாவிலேயே இருக்கட்டும்.

இறக்கை தொங்கினாலோ, ரத்தம் தெரிந்தாலோ, பூனை கவ்வியிருந்தாலோ காத்திருக்காமல் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், வனத்துறைக்கும் சொல்லுங்கள். பூனைப் பல் பட்ட காயம் சிறிதாகத் தெரிந்தாலும் எச்சிலில் உள்ள கிருமி கொன்றுவிடும். அழகாக இருக்கிறதே என்று கூண்டில் வைத்துக்கொள்வது 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

அதே ஜன்னலில் இன்னொன்று மோதாமலிருக்க, கண்ணாடியின் வெளிப்பக்கம் 2 அங்குலத்துக்கு ஒரு கோடாக சோப்புக் கட்டியால் இழுத்துவிடுங்கள். உள்ளே திரை போட்டுப் பயனில்லை. வெளியே மரத்தின் பிம்பம் அப்படியேதான் தெரியும். மழையில் கோடு கரைந்தால் திரும்பப் போட வேண்டும்.