வில்லனைக் கூண்டில் ஏற்றுவது எப்படி: வீடியோ கேம் வழக்காடு மன்றத்துக்கு ஒரு கையேடு

கண்ணகி மதுரையை எரித்தது தகுமா, கர்ணன் துரியோதனன் பக்கம் நின்றது சரியா என்று தமிழ் மேடைகள் பேசித் தீர்க்காத வழக்கு இல்லை. அதே கூண்டில் ஒரு வீடியோ கேம் வில்லனை ஏற்றிப் பாருங்கள். பட்டிமன்றம் என்றாலே கைப்பேசியை எடுக்கும் இடைநிலைப்பள்ளி மாணவர்கள்கூட எழுந்து நின்று மறுப்புச் சொல்வார்கள். கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸிலோ செந்தூலிலோ ஒரு சிறு மண்டபம், ஒரு புரொஜெக்டர், ஐந்து பேச்சாளர், ஒரு நடுவர், ஒரு மணிக்காரர் போதும். சிக்கல் மண்டபத்தில் இல்லை, தலைப்பில்தான். ‘இவன் நல்லவனா கெட்டவனா’ என்று வைத்தால் பத்து நிமிடத்தில் வழக்கு செத்துவிடும். கெட்டவன் என்று கேமே சொல்லிவிட்டதே. ‘உலகை மாற்ற இவன் வைத்த இலக்கு நியாயமா’ என்று வையுங்கள்.

எல்லா வில்லனும் இதற்குத் தோதுப்பட மாட்டான். அரியணை வேண்டும், சாகாவரம் வேண்டும் என்பவனை விட்டுவிடுங்கள். நீங்கள் எடுக்கும் வில்லனின் இலக்கைக் கேம் ஆடாத ஒருவரிடம் சொன்னால், ‘அதில் என்ன தப்பு?’ என்று அவர் கேட்க வேண்டும். அந்த வகையில் நால்வரைத் தயங்காமல் எடுக்கலாம். ஃபால்அவுட் (1997) கேமின் மாஸ்டர், அணுப்போருக்குப் பிறகு மிஞ்சிய மனிதரையெல்லாம் ஒரே இனமாக மாற்றிவிட்டால் இனி போரே வராது என்கிறான். ஃபயர் எம்ப்ளம்: த்ரீ ஹவுசஸ் (2019) கேமின் எடெல்கார்ட், இரத்தத்தில் வரும் சின்னத்தை வைத்து உயர்வு தாழ்வு பார்க்கும் பிரபுக்கள் முறையை ஒழிக்கப் போர் தொடுக்கிறாள். பெர்சோனா 5 ராயல் கேமின் டாக்டர் மாருகி, யாருக்கும் துயரமே இல்லாதபடி யதார்த்தத்தையே திருத்தி எழுதுகிறார். ஃபைனல் ஃபான்டஸி 14-இன் ஷேடோபிரிங்கர்ஸ் (2019) பகுதியில் வரும் எமெட்-செல்க், சிதறிப்போன உலகத் துண்டுகளை மறுபடி ஒட்டித் தன் அழிந்த மக்களைத் திரும்பக் கொண்டுவரப் பார்க்கிறான்.

முதல் முறை நடத்துபவர்கள் மாஸ்டரையோ எடெல்கார்டையோ எடுங்கள். மாருகியை எடுத்தால் பேச்சாளர்கள் கேமை முடிக்கவே நூறு மணி நேரம் வரை போகும். அதைவிட மோசம், நவம்பர் 18-க்கு முன் அவருடனான நட்பை 9-ஆம் படிக்குக் கொண்டுபோகாதவருக்கு அவர் வில்லனாக வரும் கடைசிப் பருவமே திறக்காது. அரைகுறையாக ஆடிவிட்டு ‘எனக்கு அந்தக் காட்சியே வரவில்லையே’ என்று முதல் நாள் இரவு வந்து நிற்பார் ஒருவர். எமெட்-செல்க் வழக்குக்கு அதற்கு முந்தைய கதை முழுவதையும் கடந்து வர வேண்டும். அவசரத்துக்கு உதவாது.

வில்லன் முடிவானதும் வழக்குரையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். யார், எதை மாற்ற, யாருக்காக, யார் எதை இழக்க என்று நான்கு இடங்களும் நிரம்பியிருக்க வேண்டும். ‘எடெல்கார்ட், சின்னத்தால் வரும் பிரபுத்துவத்தை ஒழிக்க, சின்னமில்லாமல் பிறக்கும் எல்லாருக்காகவும், கேட்கப்படாத மூன்று நாட்டு மக்களின் உயிரைப் பணயம் வைத்தாள்.’ நான்காவது இடத்தை எழுதும்போதுதான் இரு தரப்பும் முட்டிக்கொள்ளும். வில்லன் பக்கம் நின்று வழக்கை மறுப்பவர் ‘கேட்கப்படாத’ என்ற சொல்லை எடுக்கச் சொல்வார். அந்தச் சண்டையை மேடைக்கு முன்பே மாமாக் தேநீர்க் கடையில் தே தாரிக்கோடு முடித்துவிடுங்கள். இரு தரப்பும் கையெழுத்திட்ட வாக்கியம்தான் மேடைக்கு வர வேண்டும்.

அடுத்தது, பலரும் தாண்டிப் போகும் வேலை. கதாசிரியர் பூசிய கரியைத் துடைக்க வேண்டும். வில்லன் பேசுவது நியாயமாகப் படத் தொடங்கியதும், ஆட்டக்காரர் தயங்காமல் அவனை அடிக்க வேண்டுமே என்பதற்காக, இலக்கோடு சம்பந்தமில்லாத ஒரு கொடுமையை அவன் கையால் செய்ய வைப்பது கேம் கதைகளில் பழைய தந்திரம். தன் ஆளையே கொல்வான், காரணமில்லாமல் சிரிப்பான். ஒரு தாளில் கோடு கிழித்து, இலக்கை அடைய அவசியமான செயல்களை இடப்பக்கமும், அவசியமில்லாதவற்றை வலப்பக்கமும் எழுதுங்கள். வலப்பக்கத்தில் உள்ளவை தண்டனை சொல்லும்போது பேசத் தகுந்தவை. இலக்கின் நியாயத்தைப் பேசும்போது அவற்றை இழுத்தால் நடுவர் மணி அடிக்க வேண்டும். ‘கடைசியில் தோற்றானே, அதனால் தப்பு’ என்பதற்கும் அதே மணி. இறுதிச் சண்டையில் யார் ஜெயிப்பது என்பது நியாயத்தைப் பொறுத்ததல்ல, ஆட்டக்காரரின் விரலைப் பொறுத்தது.

இனி விசாரணை. கேள்விகளின் வரிசை முக்கியம். கணக்குத்தான் முதலில் வர வேண்டும், அறம் பிறகு. வில்லன் நம்பும் தகவல் சரியா? அவன் திட்டம் அவன் சொல்லும் பலனைத் தருமா? இதற்கு மாஸ்டர் வழக்கைப் போல இன்னொன்று கிடைக்காது. அவன் உருவாக்கும் புது இனத்துக்குப் பிள்ளை பெறும் திறனே இல்லை, அது அவனுக்கே தெரியாது. ஆட்டக்காரர் துப்பாக்கியைத் தொடாமல், சான்றை முன்னால் வைத்துப் பேசியே அவனை வெல்லலாம். தான் செய்ததெல்லாம் வீண் என்று உணர்ந்ததும் அவன் தன் இருப்பிடத்தோடு தன்னையும் அழித்துக்கொள்கிறான். இங்கே வழக்குத் தொடுப்பவர் அறம் பற்றி ஒரு சொல்லும் பேசாமலே பாதி வழக்கை முடித்துவிடலாம். மறுப்பவருக்கு மிஞ்சும் ஒரே வழி, ‘தெரிந்ததும் நிறுத்தினானே, எத்தனை பேர் நிறுத்துகிறார்கள்?’ என்பது. நல்ல வாதம்தான். ஆனால் அது ஆளைக் காப்பாற்றும், இலக்கைக் காப்பாற்றாது.

கணக்கு சரி என்றால், விலையை யார் கட்டுகிறார்கள் என்ற கேள்வி வரும். இங்கேதான் அதிக நேரம் ஒதுக்குங்கள். எடெல்கார்டின் குறை உண்மையானது. சின்னத்துக்காகக் குழந்தைகளை வைத்துச் செய்த பரிசோதனையில் அவள் உடன்பிறந்தோர் அழிந்தார்கள், அவளும் அதில் சிக்கியவள்தான். ஆனால் அவள் தொடுக்கும் போர் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இழுக்கிறது. அதில் சாகும் படைவீரனும் சின்னமில்லாமல் பிறந்தவன்தான். யாருக்காகப் போரோ அவனே விலையும் கட்டுகிறான்.

கோலாலம்பூர்த் தமிழ்க் கூட்டத்துக்கு இதை விளக்க வெகுதூரம் போக வேண்டாம். இன்று புத்ராஜெயா நிற்கும் நிலத்தில் பிராங் பெசார் முதலிய தோட்டங்கள் இருந்தன. 1990-களில் அங்கே குடியிருந்த தொழிலாளர் குடும்பங்கள் வேறிடம் போக வேண்டியதாயிற்று. நாட்டுக்குப் புது நிர்வாக நகர் தேவையா என்பது ஒரு கேள்வி, அதற்காக யார் வீட்டைக் காலி செய்தார் என்பது இன்னொரு கேள்வி. முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு இது உடனே பிடிபடும். ஒப்பீட்டை ஒரு நிமிடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், இழுத்தால் எடெல்கார்ட் மறந்துபோய் அது வேறு கூட்டமாகிவிடும்.

மூன்றாவது, கேட்டானா? மாருகியின் வழக்கு முழுக்க இந்த ஒரு கேள்வியில் தொங்குகிறது. அவர் யாரையும் வதைக்கவில்லை. அக்காவை இழந்து குற்ற உணர்வில் நொறுங்கிய சுமிரே, தானே அக்காவாகிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டபோது அதை நிறைவேற்றிக் கொடுத்தார். அவள் கேட்டாள், அவர் கொடுத்தார். அப்படியானால் சம்மதம் இருக்கிறதா? வழக்குத் தொடுப்பவர் இங்கே இரண்டைப் பிரித்துக் காட்ட வேண்டும். மனம் உடைந்த வேளையில் கேட்டது ஒன்று. மாற்றம் நடந்த பிறகு, ‘வேண்டாம், பழையபடி விடுங்கள்’ என்று சொல்லக்கூடிய ஆளே மிஞ்சாமல் போவது இன்னொன்று. திரும்பப் பெற முடியாத சம்மதம் எவ்வளவு தூரம் சம்மதம்? மறுப்பவரிடமும் ஆயுதம் உண்டு. மாருகியின் உலகத்தை நிராகரித்தால் உயிரோடு இருக்கும் ஒருவன் இல்லாமல் போவான் என்று பிப்ரவரி 2 அன்று அவரே வந்து சொல்லிவிட்டு, முடிவை ஆட்டக்காரர் கையில் விடுகிறார். கேட்கவே இல்லை என்று அவர்மேல் குற்றம் சாட்ட முடியாது. ஒருவரைக் கேட்டார், மற்ற உலகத்தை? அங்கே பிடியுங்கள்.

நான்காவது, யாரை ஆளாகக் கணக்கில் எடுக்கிறான்? எமெட்-செல்க்குக்கு இன்றைய மனிதர் உடைந்த துண்டுகள், முழு உயிரே அல்ல. அதனால் அவர்களைக் கொல்வது கொலையாகவே அவன் கண்ணுக்குப் படவில்லை. அவன் கூட்டல் பிழையில்லாதது, ஏட்டில் பாதிப்பேரை எழுதவில்லை, அவ்வளவுதான். கண்ணகியை இங்கே சாட்சியாக அழைக்கலாம். அவ்வளவு சினத்திலும் பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள் முதலியோரை விட்டுவிடச் சொல்லித்தான் தீயை ஏவினாள். அந்தப் பட்டியலோடு நமக்கு இன்று உடன்பாடு இல்லாமலிருக்கலாம், ஆனால் பட்டியல் என்று ஒன்று இருந்தது.

வேறு வழி இருந்ததா என்பது கடைசிக் கேள்வி. அதே கேமில் அதே குறைக்கு வேறு பாதை தேடும் பாத்திரம் இருந்தால் அவரைச் சாட்சியாக்குங்கள், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். எடெல்கார்ட் வழக்கில், அண்டை நாட்டுக் கூட்டணியின் தலைவன் கிளாட் இருக்கிறான்.

குறள் எடுக்க அனுமதி உண்டு, தரப்புக்கு ஒன்று மட்டும். இந்த வரம்பு இல்லாவிட்டால் மாலை முழுவதும் குறளாகவே போகும். வழக்குத் தொடுப்பவர் 656-ஐத் தூக்குவார்: பெற்ற தாயின் பசியைக் கண்டாலும் சான்றோர் பழிக்கும் செயலைச் செய்யாதே. மறுப்பவர் 292-க்கு ஓடுவார்: நன்மை தருமானால் பொய்யும் வாய்மையே. அப்படி ஓடினால், அங்கே ‘புரைதீர்ந்த நன்மை’ என்று குற்றமற்ற நன்மையைத்தான் வள்ளுவர் கேட்கிறார் என்பதையும், பேசுவது பொய்யைப் பற்றி, கொலையைப் பற்றி அல்ல என்பதையும் எடுத்துக்காட்ட எதிர்த்தரப்பு தயாராக இருக்க வேண்டும். நன்னெறிக் கல்வித் தாளில் எழுதுவதுபோல் ‘இதில் இரக்கம், நீதி, பொறுப்புணர்வு உள்ளன’ என்று பண்புகளை அடுக்கிவிட்டு உட்காருபவருக்குப் புள்ளி கிடையாது. எந்தப் பண்பு எதோடு மோதுகிறது, எது ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று சொன்னால்தான் புள்ளி.

நேரம் மொத்தம் 90 நிமிடம். கேம் தெரியாதவர்களுக்காக நடுநிலையாளர் ஒருவர் கதை சொல்ல 10. அதை எந்தத் தரப்பிடமும் கொடுக்காதீர்கள், கதை சொல்பவர் வழக்கையும் சொல்லிவிடுவார். தொடுப்பவர் இருவருக்கும் சேர்த்து 12, மறுப்பவர் இருவருக்கும் 12. குறுக்கு விசாரணை தரப்புக்கு 10. கூட்டத்தினர் கேள்விக்கு 15. தொகுப்புரை தரப்புக்கு 5. நடுவர் குறிப்பைச் சரிபார்க்க 3, தீர்ப்புக்கு 8.

காட்சித் துண்டு தரப்புக்கு மூன்று, ஒவ்வொன்றும் 40 விநாடிக்குள், எழுத்துரை போட்டபடி. சில கேம்களில் முக்கியக் கட்டங்களில் கன்சோலின் பதிவு வசதியைப் பூட்டி வைத்திருப்பார்கள். அதனால் ஒரு வாரம் முன்பே பதிவு செய்து பார்த்துவிடுங்கள். மண்டப ஒலிபெருக்கியிலும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள், படம் வரும், குரல் வராது. எல்லாத் துண்டுகளையும் ஒரே கணினியில் ஏற்றி வையுங்கள். சின்னம், துண்டு உலகம் போன்ற சொற்களுக்கு இரு தரப்பும் ஒரே தமிழ்ச் சொல்லைப் பயன்படுத்த ஒப்புக்கொள்ள வேண்டும். ஆளுக்கொரு மொழிபெயர்ப்போடு வந்தால் நடுவர் அகராதி வேலைதான் பார்ப்பார். முக்கியத் திருப்பங்கள் வெளிப்படும் என்று சுவரொட்டியிலேயே போட்டுவிடுங்கள்; இல்லாவிட்டால் பாதி ஆடி முடித்த ஒருவர் நடுவில் எழுந்து கத்துவார்.

தீர்ப்பை நடுவர் மூன்றாகப் பிரித்துச் சொல்ல வேண்டும்: இலக்கு நியாயமா, வழி நியாயமா, ஆள் பொறுப்பாளியா. எடெல்கார்டுக்கு ‘ஆம், இல்லை, ஆம்’ என்று வரலாம். மாஸ்டருக்கு முதல் விடையே ‘நடக்காத இலக்கு’ என்று வரலாம். ‘இரு தரப்பும் அருமை’ என்று முடிக்கும் நடுவரை அடுத்த முறை கதை சொல்ல வையுங்கள்.