டிராக் டே காரை வீட்டிலேயே தயார் செய்வது: பிரேக்கிலிருந்து தொடங்குங்கள்

டிராக் டே என்றால் சொந்தக் காரை ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாள். சென்னைக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஒரு சுற்று 3.717 கி.மீ. சாதாரண 1.2 லிட்டர் ஹேட்ச்பேக்கில் 15 நிமிட செஷன் ஒன்றில் ஆறு சுற்று வரும். கூட்டினால் 22 கி.மீ. சொச்சம். ஊரில் காய்கறி வாங்கப் போய் வருவது போன்ற தூரம்தான். ஆனால் அந்த 22 கி.மீ.க்குள் பிரேக் ஆயில் கொதிக்கலாம், டிஸ்க்கைப் பிடித்து நிறுத்தும் பிரேக் பேட் கருகலாம், டயரின் ஓரம் பிய்ந்து வரலாம். ரோட்டில் காரைத் தேய்ப்பது கிலோமீட்டர், டிராக்கில் தேய்ப்பது சூடு. டிராக் காருக்கு வீட்டில் செய்யும் வேலை எல்லாமே அந்தச் சூட்டைச் சமாளிக்கத்தான்.

கணக்கு போட்டுப் பாருங்கள். ஓட்டுநரோடு சுமார் 1,050 கிலோ வரும் ஸ்விஃப்ட் பெட்ரோலை 140 கி.மீ. வேகத்திலிருந்து 60க்கு இறக்கினால் ஏறக்குறைய 650 கிலோஜூல் வெப்பம் பிறக்கும். அறைச் சூட்டில் இருக்கும் இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். இதை ஒரே சுற்றில் பலமுறை செய்கிறோம். அந்தச் சூட்டில் பெரும்பங்கு முன் டிஸ்க் இரண்டின் மேல் விழுகிறது. அதனால் எக்ஸாஸ்ட், இன்டேக் பேச்சைத் தள்ளி வையுங்கள். முதல் பணம் பிரேக்குக்கு.

பிரேக் ஆயில்

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. டின்னில் எழுதியிருக்கும் டாட் எண் அதன் ரகம். டாட் 4 என்றால் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அதே ஆயிலுக்குத் தேவைப்படும் அளவு வெறும் 155 டிகிரி. டாட் 5.1இல் இது 260, 180. ரேஸுக்கென்றே வரும் டாட் 4 ஆயில்கள் புதிதில் 300 டிகிரிக்கு மேல் தாங்கும், மோட்டுல் ஆர்.பி.எஃப். 600க்கு 312 டிகிரி. டாட் 5 என்று மட்டும் எழுதியிருந்தால் அது சிலிக்கோன் வகை. அதை மற்றவற்றோடு கலக்கவே கூடாது, வாங்கும்போது அந்தப் புள்ளி ஒன்றைக் கவனியுங்கள். கடலோர ஊர்களில் ஈரப்பதம் அதிகம் என்பதால் திறந்து வைத்த டின்னை அடுத்த மாதத்துக்கு என்று எடுத்து வைக்க வேண்டாம்.

மாற்றுவதற்கு ஒரு லிட்டர் இருந்தால் தாராளம். சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஜாக் ஸ்டாண்ட் மேல் காரை இறக்கிய பிறகே கையை வையுங்கள். ஹைட்ராலிக் ஜாக் தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவதற்கு அல்ல. பிரேக் ஆயில் டப்பாவான ரிசர்வாயரில் உள்ள பழைய ஆயிலைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துப் புதியதை ஊற்றுங்கள். நம் கார்களில், பெடல் மிதித்ததும் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் வலப்பக்கம் இருப்பதால் தூரமானது இடது பின் சக்கரம். அங்கே தொடங்கி வலது பின், இடது முன், வலது முன் என்று வருவது வழக்கம். மேனுவல் வேறு வரிசை சொன்னால் அதுவே சரி.

ஒவ்வொரு சக்கரத்திலும் ஆயிலை வெளியே விடும் நிப்பிளுக்கு ரிங் ஸ்பேனர்தான் போட வேண்டும். ஓப்பன் ஸ்பேனர் முனையை உருட்டிவிடும், அப்புறம் பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரையே கழற்ற வேண்டி வரும். ஊடுருவித் தெரியும் குழாய் ஒன்றை நிப்பிளில் செருகி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்க விடுங்கள். உதவிக்கு இருப்பவர் பெடலை மெதுவாக மிதித்துப் பிடிக்க, நீங்கள் கால் சுற்று திறந்து, பெடல் கீழே போய் நிற்பதற்கு முன் மூட வேண்டும். "மிதி", "பிடி", "விடு" என்று மூன்றே சொல் போதும், மூடும் முன் "விடு" வந்துவிடக் கூடாது. நிறம் மாறித் தெளிவாகும் வரை, குமிழி நிற்கும் வரை. ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை ரிசர்வாயரைப் பாருங்கள். அது வற்றிக் காற்று உள்ளே போனால் வேலை முதலிலிருந்து. ஏ.பி.எஸ். யூனிட்டுக்குள் காற்று சிக்கினால் ஸ்கேனர் இல்லாமல் வெளியே வராத கார்களும் உண்டு.

பலரும் தவறவிடும் இடம் ஒன்று. பழைய காரில் பெடலைத் தரை வரை மிதிக்காதீர்கள். மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் சீல் தினமும் ஓடும் பகுதி வழவழப்பாக இருக்கும், அதற்கு அப்பால் துருவும் கசடும் படிந்திருக்கும். சீல் அதுவரை போய் வந்தால் கிழியும், அடுத்த வாரம் பெடல் தானாக இறங்கும். பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டு வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. சிந்திய ஆயில் பெயின்டை அரிக்கும். துணியால் துடைப்பதைவிட உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுவது நல்லது.

பெடல் என்ன சொல்கிறது

மூன்றாவது சுற்றில் பிரேக் "போய்விட்டது" என்று எல்லோரும் ஒரே சொல்லில் சொல்வார்கள். நோய் மூன்று. பெடல் பஞ்சு போல் உள்ளே இறங்கினால் ஆயில் கொதித்து ஆவியாகியிருக்கிறது. திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். ஆறியதும் பெடல் திரும்பி வந்தாலும் அந்த ஆயிலை நம்பாதீர்கள், மாற்றுங்கள். பெடல் கல் போல் கெட்டியாக இருந்து கார் மட்டும் நிற்கவில்லை என்றால் பேட் தன் வெப்ப எல்லையைத் தாண்டிவிட்டது. ஆயில் மாற்றிப் பயனில்லை, பேட்தான் மாற வேண்டும். முதல் மிதி நீளமாகப் போய் இரண்டாவது மிதியில் சரியானால், வளைவில் டிஸ்க் ஆடிக் காலிப்பர் பிஸ்டனைப் பின்னால் தள்ளியிருக்கிறது. வீல் பேரிங்கை ஆட்டிப் பாருங்கள்.

ஸ்டீயரிங் உதறுவதை "டிஸ்க் வளைந்துவிட்டது" என்பார்கள். பெரும்பாலும் டிஸ்க் வளைவதில்லை. சூடான டிஸ்க்கில் பேட் அழுந்தி நிற்கும்போது பேட் பொருள் ஓரிடத்தில் திட்டாக ஒட்டிக்கொள்கிறது. செஷன் முடிந்து பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி நிற்பதுதான் காரணம்.

பேட் வாங்கும்போது விலையைவிட அது தாங்கும் வெப்பநிலையைக் கேளுங்கள். முழு ரேஸ் பேட் வீட்டிலிருந்து டிராக் வரை ஓட்டிப் போகும் காருக்கு ஒத்துவராது. ஆறியிருக்கும்போது பிடிக்காது, கத்தும், டிஸ்க்கைத் தின்னும். சாலைக்கும் டிராக்குக்கும் நடுவிலுள்ள வகை போதும். ரோட்டில் 3 மி.மீ. வரை ஓட்டலாம், டிராக்குக்குப் பாதி தேய்ந்ததுமே மாற்றுவது நல்லது. மெல்லிய பேட் சூட்டைத் தடுக்காமல் நேராகப் பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் கடத்தும். இரண்டு முனையும் ஒரே தடிமனாகத் தேய்கிறதா என்றும் பாருங்கள். சாய்வாகத் தேய்ந்திருந்தால் காலிப்பர் நகர உதவும் ஸ்லைடர் பின் இறுகியிருக்கிறது. அதைக் கழற்றித் துடைத்து, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கோன் கிரீஸ் தடவுங்கள். வண்டிக் கடையில் டப்பாவில் இருக்கும் சாதாரண கிரீஸ் பின்னின் ரப்பர் உறையை ஊதவைத்துவிடும். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க் மேலேயே பொறித்திருக்கும்.

புதிய பேட்டைப் பழக்காமல் வேகமாக ஓட்டக் கூடாது. 80 கி.மீ. வேகத்திலிருந்து 20 வரை எட்டுப் பத்து முறை, நடுத்தர அழுத்தத்தில், முழுதாக நிற்காமல். பிறகு பத்து நிமிடம் பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். முதல் செஷனின் முதல் சுற்றுகளை இதற்கே ஒதுக்கிவிடலாம்.

பின்னால் டிரம் உள்ள கார் என்றால் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை லேசாகத் தூக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் சிலிண்டரை மாற்றுங்கள். லைனர் இடைவெளியையும் சரிசெய்துவிட்டால் பெடல் உயரம் கூடும்.

டயர்

சூடேறினால் காற்றழுத்தம் ஏறும், தோராயமாக 5 அல்லது 6 டிகிரிக்கு 1 பி.எஸ்.ஐ. சிறிய முன்சக்கர இழுவைக் காருக்கு ஆறிய நிலையில் 28 வைத்துத் தொடங்கி, செஷன் முடிந்து உள்ளே வந்த உடனே அளந்து, 34 முதல் 36க்குள் நிற்கும்படி காற்றைக் குறையுங்கள். எந்த அளவு சரி என்பதைச் சாக்பீஸ் சொல்லும். டயரின் ஓரத்தில், ட்ரெட் முடிந்து பக்கச்சுவர் தொடங்கும் இடத்தில் மூன்று கோடு போட்டு அனுப்புங்கள். சுவர்ப் பக்கக் கோடும் அழிந்திருந்தால் டயர் மடங்குகிறது, காற்று கூட்ட வேண்டும். ட்ரெட் பக்கக் கோடே அழியாமல் இருந்தால் காற்று அதிகம்.

கடிகாரச் சுற்றில் ஓடும் டிராக்கில் இடது முன் டயர் வெளியோரம்தான் முதலில் போகும். புத்தம்புது டயரை நேராக டிராக்குக்குக் கொண்டுபோக வேண்டாம், ஆழமான ட்ரெட் கட்டைகள் ஆடி ஆடிச் சூடாகித் துண்டாகும். ரிம்மில் ஒட்டியிருக்கும் பாலன்ஸ் எடைகள் பிரேக் சூட்டில் கழன்று பறக்கும், அவற்றின் மேல் அலுமினிய டேப் ஒட்டுங்கள்.

வீல் நட்டை டார்க் ரெஞ்ச்சில்தான் முறுக்க வேண்டும். எவ்வளவு என்பது உங்கள் மேனுவலில் இருக்கும். ஃபோக்ஸ்வாகன் போலோவுக்கு 120 நியூட்டன் மீட்டர், ஜப்பானியச் சிறு கார்களுக்குப் பொதுவாக 85 முதல் 110க்குள். முறுக்கியதும் நட்டிலிருந்து ரிம் வரை பெயின்ட் மார்க்கரில் ஒரு கோடு இழுத்துவிட்டால், நட் தளர்ந்ததா என்பது குனிந்து பார்த்தாலே தெரியும்.

இன்ஜின், கியர்பாக்ஸ்

நல்ல நிலையில் உள்ள இன்ஜினுக்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஸ்விஃப்டின் 1,197 சி.சி. கே12எம் இன்ஜினில் ஃபில்டரோடு சேர்த்து 3 லிட்டருக்குச் சற்று மேல்தான் ஆயில் பிடிக்கும். குறைந்த அளவு ஆயில் சீக்கிரம் சூடாகும். 5டபிள்யூ-40 முழு சிந்தெடிக் ஊற்றி, இரண்டு மூன்று டிராக் டேக்கு ஒருமுறை மாற்றுங்கள். டிப்ஸ்டிக்கில் மேல்கோடு வரை இருக்கட்டும். அரை லிட்டர் குறைந்தாலே நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கிப் பம்ப் காற்றை உறிஞ்சும். கோட்டைத் தாண்டி ஊற்றினாலும் தப்பு, கிராங்க் அதை அடித்து நுரையாக்கும். பெட்ரோலும் அப்படித்தான், அரை டேங்குக்குக் கீழே இறங்க விடாதீர்கள்.

ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் புதிது வாங்குங்கள். மூடி அழுத்தம் பிடிப்பதால்தான் கூலன்ட் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. ரேடியேட்டர் இதழ்களை இன்ஜின் பக்கமிருந்து வெளியே நோக்கி, மெதுவான தண்ணீரில் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கி இதழை மடக்கிவிடும்.

கியர்பாக்ஸ் ஆயிலை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றலாம். காரின் மேனுவல் ஜி.எல்.-4 ரகம் என்று சொன்னால் ஜி.எல்.-5 ஊற்றாதீர்கள்; அதிலுள்ள கந்தகச் சேர்க்கைகள் கியர் வழுக்காமல் விழ உதவும் பித்தளை சிங்க்ரோ வளையங்களை அரிக்கக் கூடும்.

சஸ்பென்ஷன்: நூல் கட்டி அளப்பது

முன் சக்கரத்தின் மேற்பகுதி உள்ளே சாய்ந்தால்தான் வளைவில் டயர் முழு அகலத்தில் தரையைத் தொடும். இந்தச் சாய்வுதான் கேம்பர். சக்கரத்தைத் தாங்கும் ஸ்ட்ரட்டில் கேம்பர் போல்ட் போட்டால் ஒன்று, ஒன்றரை டிகிரி கிடைக்கும். மொத்தம் மைனஸ் 2 அளவில் நிறுத்துங்கள், தினமும் ஓட்டும் காருக்கு அதுவே அதிகம். கேம்பர் மாறினால் டோவும், அதாவது சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவும், மாறும். அதனால் முதலில் கேம்பர், பிறகு டோ.

டோவை வீட்டில் அளக்க மீன்பிடி நரம்பும் ஸ்டீல் ஸ்கேலும் போதும். ஸ்டீயரிங்கை நேராக வைத்துக் கட்டிவிடுங்கள். காரின் இருபுறமும் சக்கர மைய உயரத்தில் நரம்பை இழுத்துக் கட்டுங்கள். முன்னால் இரண்டு நரம்புக்கும் இடையிலுள்ள தூரமும் பின்னால் உள்ள தூரமும் ஒன்றாக இருக்க வேண்டும். முன் வீல் கேப்பிலிருந்து நரம்பு இருபுறமும் சம தூரம், பின்னாலும் அப்படியே. இப்போது ரிம்மின் முன் விளிம்பிலிருந்தும் பின் விளிம்பிலிருந்தும் நரம்புக்கு அளங்கள். முன் விளிம்பின் தூரம் அதிகம் என்றால் சக்கரம் உள்நோக்கியிருக்கிறது. டிராக்குக்குப் பக்கத்துக்கு 1 மி.மீ. வெளிநோக்கி இருந்தால் கார் வளைவில் சட்டென்று திரும்பும். ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் லாக் நட்டைத் தளர்த்தி இருபுறமும் சம அளவு திருப்புங்கள், ஒவ்வொரு திருத்தத்துக்கும் காரை முன்னும் பின்னும் உருட்டிவிட்டே மறுபடி அளங்கள்.

சக்கரத்தைக் காரோடு பிணைக்கும் லோயர் ஆர்ம் கழற்றினால், அதன் ரப்பர் புஷ் போல்ட்டைக் கார் அந்தரத்தில் இருக்கும்போது இறுக்காதீர்கள். ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். காரை இறக்கியதும் முறுக்கிக்கொண்டே இருந்து சில மாதத்தில் கிழியும். சக்கரம் எடையைத் தாங்கும் நிலையில்தான் கடைசி முறுக்கு. உயரத்தை 25 முதல் 30 மி.மீ.க்கு மேல் குறைக்கவும் வேண்டாம். ஆர்ம் மேல்நோக்கிச் சாய்ந்தால் கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த ரோல் சென்டர் இறங்கி, கார் முன்பைவிட அதிகமாகச் சாயும்.

எதை எப்போது வாங்குவது

ஆயில், பேட். அடுத்து டயர், அடுத்து உடலைப் பிடிக்கும் சீட், பிறகு ஷாக் அப்சார்பர். பவர் கடைசி. டர்போ இல்லாத இன்ஜினில் கணினி அமைப்பை மாற்றி, அதாவது ரீமேப் செய்து, கிடைப்பது சொற்பம். 100 ஆக்டேன் பெட்ரோலும் அதற்கென டியூன் செய்யாத இன்ஜினுக்குச் செலவு மட்டும்தான். ரேஸ் கார்களில் போடும் நான்கு முனை சீட் பெல்ட்டான ஹார்னஸை அதற்கான சீட்டும், அதைக் கட்டும் பாரும் இல்லாமல் போடாதீர்கள், விபத்தில் முதுகெலும்புக்கு அது ஆபத்து. வண்டியின் அமைப்பை மாற்றும் வேலைகளுக்கு ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும், சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசி ரேஸையும் வேகச் சோதனையையும் விலக்குகிறது. டிராக்கில் மோதினால் செலவு உங்களுடையது என்று வைத்துக்கொண்டே பட்ஜெட் போடுங்கள்.

அன்றைய நாளில்

முந்தைய இரவு பேட்டரி கிளாம்பை ஆட்டிப் பாருங்கள், மிதியடி, தண்ணீர் பாட்டில், ஸ்டெப்னி எல்லாவற்றையும் இறக்குங்கள். செஷனின் கடைசிச் சுற்றை பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டி ஆறவிடுங்கள். உள்ளே வந்ததும் ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் நிறுத்திக் கட்டை வையுங்கள். சூடான டிரம்மை இழுத்துப் பிடித்தால் லைனர் ஒட்டிக்கொள்ளும். நட்டுகளை அவை ஆறிய பிறகு ஒருமுறை டார்க் பாருங்கள்.

கிளம்பும்போது மறக்கக் கூடாதது டயர் காற்று. சூட்டில் 34க்குக் குறைத்தது ஆறியதும் 26க்குப் போயிருக்கும். அப்படியே பெங்களூர் நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள், முதல் பங்க்கில் நிறுத்தி ரோட்டு அளவுக்கு ஏற்றிக்கொள்ளுங்கள்.