தனி வயலினில் பரோக் நடனங்கள்: வில்லுக்கு முன்னால் பாதம்

பரோக் எனப்படும் 17, 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய இசைக்காலத்தைச் சேர்ந்த ஜெர்மானிய இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாஹ் 1720-ஆம் ஆண்டில் தம் கைப்பட நகலெடுத்து வைத்த ஆறு தனி வயலின் படைப்புகளில் மூன்று, பார்ட்டிட்டா எனப்படும் நடனத் தொகுப்புகள். அவற்றுக்கு யாரும் எழுந்து ஆட வேண்டும் என்று பாஹ் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் சரபாந்த், கவோத், மினுவே, பூரே, ஜீக் என ஒவ்வொன்றும் தாங்கியிருக்கும் பெயருக்கு உரிய நடனத்தில் பாதம் எங்கே ஊன்றும் என்று தெரியாமல் வாசித்தால், சுரம் ஒன்றுகூடப் பிசகாவிட்டாலும் அது விரல் பயிற்சிபோலத்தான் கேட்கும். ஆகவே வயலினைக் கையில் எடுப்பதற்கு முன், அறையில் நடந்து கொண்டே பாட்டை வாய்விட்டு முணுமுணுத்துப் பார்ப்பதுதான் முதல் வேலை.

ஈ மேஜர் என்ற ஸ்வர அமைப்பில் உள்ள பார்ட்டிட்டாவின் கவோத்திலிருந்து தொடங்குவது நல்லது. கவோத் பாரின் (தாளத்தின் ஒரு சுற்றின்) நடுவில் பிறக்கிறது. இரண்டு எண்ணிக்கை முன்னதாகவே பாட்டு எழுந்துவிட, ஊன்றல் அதற்குப் பிறகே வருகிறது. கர்நாடக இசை பயின்றவர்கள் இதை அதீத எடுப்போடு ஒப்பிட்டுப் பார்த்தால் உடனே பிடிபடும். சிக்கல் வில்லில் இருக்கிறது. பாரின் முதல் எண்ணிக்கைக்கு வில்லைக் கீழ்நோக்கி, அதாவது பிடிப்பக்கத்திலிருந்து நுனியை நோக்கி, இழுப்பது அக்கால வழக்கம். அதன்படி பின்னோக்கிக் கணக்கிட்டால், முன்வரும் இரண்டு சுரங்களில் முதலாவதும் கீழ் வில்லாகவே அமைந்து, வேண்டாத அழுத்தத்தைத் தானாகவே வாங்கிக்கொள்கிறது. நான் பல மாதங்கள் அப்படித்தான் வாசித்துக் கொண்டிருந்தேன். என் ஆசிரியர் என்னை நடக்கச் சொன்னபோதுதான், என் வலது கால் தவறான இடத்தில் ஊன்றுவது எனக்கே தெரிந்தது. இதைத் தவிர்க்க, முதல் சுரத்தை வில்லின் நடுப்பகுதியில் குறைந்த நீளத்தில் தொட்டு, இரண்டாவதை மேல்நோக்கி லேசாக எடுத்து, மூன்றாவதில் கையின் இயல்பான பாரத்தை விடுங்கள். இந்த நடனத்தில் எட்டுப் பார் கொண்ட பல்லவி ஒன்று திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் அதே துள்ளலோடு அது திரும்புகிறதா என்று பதிவு செய்து கேட்பது பயனுள்ளது.

அதே பார்ட்டிட்டாவின் பூரேயில் ஊன்றலுக்கு முன் வரும் எடுப்பு ஒரே ஒரு எண்ணிக்கைதான். மேல் வில்லில் தொடங்கினால் போதும். மினுவேயில் கவனிக்க வேண்டியது வேறு: அதன் அடவு ஆறு எண்ணிக்கையில் நான்கு அடிகள் வைத்து, இரண்டு பார்களைத் தழுவி முடிகிறது. ஆகவே ஒவ்வொரு பாரின் தொடக்கத்தையும் சமமாக அழுத்தாமல், இரண்டு பார்களை ஒரே மூச்சாக எடுத்துச் செல்ல வேண்டும்.

சரபாந்தில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். டி மைனர் பார்ட்டிட்டாவின் சரபாந்த் மூன்று எண்ணிக்கை கொண்டது. அதன் பாரம் இரண்டாவது எண்ணிக்கையை நோக்கிச் சாய்கிறது. முதல் எண்ணிக்கையிலேயே வில் முழுவதையும் செலவழித்துவிட்டால், கனமாக ஒலிக்க வேண்டிய இரண்டாவதற்கு மெலிந்த நுனிதான் மிஞ்சும். முதலாவதைச் சுருக்கமாக வாசித்து, வில்லைத் தந்தியிலிருந்து எடுத்து மறுபடி அடிப்பக்கத்தில் வைத்து இரண்டாவதைத் தொடங்குவது ஒரு வழி; மேல் வில்லிலேயே பாரத்தை வளர்ப்பது இன்னொன்று. எனக்கு முதல் வழியில் ஒலி சற்றுத் துண்டாகத் தெரிவதால், இரண்டாவதையே விரும்புகிறேன்.

இங்கே வரும் நாலு தந்தி ஸ்வரக்கொத்துகளை (சேர்ந்து ஒலிக்க வேண்டிய சுரங்களை), கீழ் இரண்டு, மேல் இரண்டு என்று கத்தரித்தாற்போல உடைக்கும் பழக்கம் பரவலாக உண்டு. மெதுவான நடனத்தில் அது காதில் இடிக்கும். கீழ்ச்சுரத்தை எண்ணிக்கையின் மீதே வைத்து, அங்கிருந்து முழங்கையை மெல்லத் தாழ்த்திக்கொண்டே மேல்சுரத்துக்கு உருண்டு செல்லுங்கள். அதற்கு முன், ஒரு வாரமாவது கீழ்ச்சுரங்களை மட்டும் தனியே வாசித்துப் பழக வேண்டும். நடனத்தின் தாளம் அந்தக் கீழ்ச்சுரங்களில்தான் இருக்கிறது. பி மைனர் பார்ட்டிட்டா கற்பவர்களுக்கு பாஹே உதவி செய்திருக்கிறார்: ஒவ்வொரு நடனத்துக்கும் பின்னால் டூப்ள் என்ற ஓட்டமான மாறுபாட்டை வைத்திருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்து மெதுவாக வாசித்தால், ஸ்வரக்கொத்துகளில் மறைந்திருக்கும் நடை தெளிவாகக் கேட்கும்.

கருவியைப் பற்றி இரண்டே சொற்கள். குடல் தந்தியும், வெளிப்புறம் வளைந்த பரோக் வில்லும், ஏ சுரத்தை இன்றையதைவிடத் தாழ்வாக 415 ஹெர்ட்ஸில் சேர்ப்பதும் கட்டாயமல்ல. இன்றைய வில்லையே பிடிப்பக்கத்திலிருந்து ஒரு விரற்கடை தள்ளிப் பிடித்தால், நுனி லேசாகி, ஒவ்வொரு சுரமும் இயல்பாகத் தேய்ந்து முடியும். அச்சுப் பதிப்பின் வில் குறிகளை மட்டும் நம்பாமல், பெர்லின் அரசு நூலகத்தில் உள்ள பாஹின் கையெழுத்துப் பிரதியின் நகலையும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள்; ஒரே வில்லில் சேர்த்து வாசிக்க வேண்டிய சுரங்களைக் காட்டும் இணைப்பு வளைவுகளில் எது அவருடையது, எது பதிப்பாசிரியர் சேர்த்தது என்பது அப்போது புலப்படும்.

சரபாந்த் கைவந்த பிறகு, அதே டி மைனர் தொகுப்பின் இறுதியில் உள்ள சக்கோனா என்ற நீண்ட நடனத்தின் முதல் சில பார்களை எடுத்துக்கொள்ளலாம். அது இரண்டாவது எண்ணிக்கையில் தொடங்குகிறது. ஒன்று என்று மௌனமாக எண்ணிப் பாதத்தை ஊன்றி, அந்த ஊன்றல் உடலில் இருக்கும்போதே முதல் ஸ்வரக்கொத்தை வில்லில் எடுங்கள்.