செக்கு எண்ணெய் விற்க மெயில் எழுதுவது எப்படி?

காங்கேயத்தில் அண்ணன் மரச்செக்கு வைத்திருக்கிறார். சென்னை, பெங்களூர் வாடிக்கையாளர்களுக்கு மெயில் எழுதுவது என் வேலை. முதல் தீபாவளிக்கு நான் போட்ட சப்ஜெக்ட் இது: ‘தீபாவளியை முன்னிட்டு எங்களின் சிறப்புத் தள்ளுபடி அறிவிப்பு’. அனுப்பிவிட்டு என் போனில் பார்த்தால், ‘தீபாவளியை முன்னிட்டு எங்களின்…’ என்பதோடு நின்றுவிட்டது. விற்பது எண்ணெய் என்பதே தெரியவில்லை.

தமிழில் சொற்கள் நீளம். போனில் முதல் மூன்று நான்கு சொற்கள்தான் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள். சரக்கின் பெயர் முதலில் வரட்டும். இப்போது நான் போடுவது: ‘நல்லெண்ணெய் ஆட்டியாச்சு, வியாழக்கிழமை பார்சல்’.

சப்ஜெக்டுக்குக் கீழே மங்கலாக ஒரு வரி தெரியுமே, அது பெரும்பாலும் மெயிலின் முதல் வரிதான். ‘அன்பார்ந்த வாடிக்கையாளருக்கு’ என்று எழுதி அந்த இடத்தை வீணாக்க வேண்டாம். ‘கருப்பட்டி போட்டு ஆட்டியது, 40 லிட்டர்தான்’ என்று எழுதலாம். ஆனால் 40 என்று எழுதினால் 40தான் இருக்க வேண்டும். அறுபது லிட்டர் வைத்துக்கொண்டு அவசரப்படுத்துவதை நான் ஏமாற்று என்றே சொல்வேன்.

ஒரு மெயிலுக்கு ஒரு சரக்கு, ஓர் ஆர்டர் பட்டன். உள்ளே என்ன எழுதுவது? வழக்கமாக வாங்கும் ஓர் அக்கா போனில் கேட்டால் என்ன சொல்வீர்களோ, அதுதான்:

‘எள்ளை இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, நேற்றுக் காலை வாகை மரச் செக்கில் ஆட்டினோம். அடியில் கொஞ்சம் கசடு தங்கலாம், பயப்பட வேண்டாம். 1 லிட்டர், 5 லிட்டர் இரண்டிலும் இருக்கிறதுங்க.’

வாட்ஸாப்புக்குச் செய்த போஸ்டரை அப்படியே மெயிலில் ஒட்டாதீர்கள். படம் திறக்காத போனில் வெறும் வெள்ளைக் கட்டம்தான் தெரியும். விலையும் சேதியும் எழுத்தாகவே இருக்கட்டும்.

தமிழில் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. மெயிலின் குறியீடு (எழுத்தும் அதன் வடிவமைப்பும் சேர்ந்த HTML) 102 கேபி அளவைத் தாண்டினால் ஜிமெயில் மீதியை வெட்டி மறைத்துவிடும். ஓர் ஆங்கில எழுத்துக்கு 1 பைட் (கணினியில் இடத்தை அளக்கும் அலகு) போதும். நம் ‘செ’ 6 பைட் பிடிக்கும். வேர்டிலிருந்து காப்பி செய்து ஒட்டினால் கண்ணுக்குத் தெரியாத குறியீடுகளும் கூடவே வந்து சேரும். வெட்டுப்படுவது கடைசிப் பகுதி. ‘இனி மெயில் வேண்டாம்’ என்று விலக உதவும் அன்சப்ஸ்கிரைப் லிங்க் இருப்பதும் அங்கேதான். அது கிடைக்காதவர் ஸ்பேம் பட்டனை அழுத்துவார். 2024 பிப்ரவரியிலிருந்து, ஒரு நாளைக்கு 5,000-க்கு மேல் அனுப்புகிறவர்களின் விளம்பர மெயிலில் ஒரே அழுத்தில் விலகும் வசதி வேண்டும் என்றும், ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது என்றும் ஜிமெயில் சொல்கிறது. நாம் சின்னக் கடைதான். இருந்தாலும் விலக நினைப்பவருக்குக் கதவைத் திறந்தே வையுங்கள். காசு கொடுத்து முகவரிப் பட்டியல் வாங்கவே வாங்காதீர்கள்.

எத்தனை பேர் திறந்தார்கள் என்ற கணக்கை நம்பி உட்காராதீர்கள். மெயிலில் ஒளித்து வைத்த ஒரு குட்டிப் படம் இறங்கியதா என்று பார்த்துத்தான் அதை எண்ணுகிறார்கள். ஆப்பிள் மெயில் 2021 முதல், ஆள் படிக்காவிட்டாலும் படங்களைத் தானே இறக்கிக்கொள்ளும் வசதியைத் தந்திருக்கிறது. அதுவும் ‘திறந்தது’ என்றே கணக்கில் ஏறும். நான் எண்ணுவது ஆர்டரையும் பதிலையும்.

பதில் போட்டால் நமக்கு வந்து சேரும் முகவரியிலிருந்தே அனுப்புங்கள். போன ஐப்பசியில் ஓர் அம்மா, ‘பாட்டில் அடியில் படிந்திருக்கிறதே, கலப்படமா?’ என்று கேட்டு எழுதினார். மேலே இருக்கிற கசடு வரி அன்று சேர்த்ததுதான்.